பத்து லட்சமும் ஒரு கண்டெய்னரும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களில் பலர், மரம் பூத்து நிற்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். பின்னால் காற்றடித்துப் பிஞ்சு உதிர்ந்தாலும், மண்டியில் பெங்களூரா ரக மாங்காய் விலை ஏறினாலும், அது குத்தகைதாரர் பாடு. ஏறினால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை விட்டுக்கொடுத்து, இறங்கினால் வரும் தலைவலியையும் கைமாற்றிவிடுகிற இந்த ஏற்பாட்டைத்தான் கம்பெனிகள் ‘ஹெட்ஜிங்’ என்கின்றன. நான் கணக்கு பார்த்த மாங்கூழ் ஆலையில் அதே காரியத்தை டாலரை வைத்துச் செய்தோம்.

எங்கள் தொழிலில் பழத்துக்கான பணம் மே, ஜூன், ஜூலையில் ரூபாயாகப் போய்விடும். கூழ் டிரம்களில் அடைபட்டு, கப்பலேறி, வாங்குபவரிடமிருந்து டாலர் வந்துசேர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் டாலர் இறங்கினால், ஆலையில் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தும் லாபம் கரைந்துவிடும். 2007-இல் அப்படித்தான் நடந்தது: 44 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டாலர் ஆண்டு முடிவதற்குள் 40-க்கும் கீழே வந்தது.

2013 மே நடுவில் டாலர் 55 ரூபாயை ஒட்டி இருந்தது. 54 ரூபாய் கிடைத்தாலே எங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்கு சொன்னதால், ஆகஸ்ட் கடைசியில் தரவேண்டிய 1 லட்சம் டாலருக்கு வங்கியில் 55 ரூபாய் 70 காசு விலையில் ‘ஃபார்வர்ட்’ எடுத்தோம்; அதாவது அந்த டாலரை அப்போது என்ன விலை இருந்தாலும் இந்த விலைக்கே வங்கிக்கு விற்போம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டோம். அன்றைய விலைக்கு மேல் கிடைத்த அந்தக் கூடுதல் காசு, டாலர் ஏறும் என்ற வங்கியின் ஜோசியம் அல்ல; இந்தியாவில் வட்டி அதிகம், அமெரிக்காவில் குறைவு, அந்த வித்தியாசம் மூன்று மாதத்துக்குக் கணக்கிடப்பட்டு விலையில் ஏறுகிறது. இதைப் பலரிடம் விளக்கியிருக்கிறேன், பாதிப்பேர் இன்னமும் நம்பவில்லை.

அந்த ஆகஸ்ட் 28-ஆம் தேதி டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. எங்கள் ஒப்பந்தம் முடிந்த நாளில் விலை 66-ஐ ஒட்டி இருந்தது. முதலாளி கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "பத்து லட்சத்து முப்பதாயிரம் போச்சேப்பா. சும்மா இருந்திருந்தாலே போதுமே" என்றார். நான் பதில் பேசவில்லை. ஆனால் அந்தத் தொகை முழுவதும் நஷ்டம் என்பதை அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் அதற்குள் இரண்டு வேறு கணக்குகள் இருந்தன. 85,000 டாலர் சரக்கு போய்ச் சேர்ந்து, பணமும் வந்தது. அதற்கு 55.70 வீதம், நாங்கள் மே மாதம் எதிர்பார்த்த அதே லாபத்தோடு ரூபாய் கிடைத்தது. கைக்கு வராத 8 லட்சத்து 75 ஆயிரத்து 500 ரூபாய் என்பது வேண்டாம் என்று முன்பே விட்டுக்கொடுத்த பணம், குத்தகைக்கு விட்ட தோப்பில் காய் அமோகமாகக் காய்த்தது போல. மீதி 15,000 டாலர்தான் விவகாரமானது. மழையில் நனைந்த பழத்தின் கூழில் பிரிக்ஸ், அதாவது இனிப்பளவு, 14-க்குக் கீழே நின்றதால் வாங்குபவர் ஒரு கண்டெய்னரைத் தள்ளிவிட்டார். சரக்கு போகவில்லை என்பதற்காக வங்கி ஒப்பந்தம் மறைந்துவிடாது. அதை அன்றைய விலையில் ரத்து செய்ததில், டாலருக்கு 10 ரூபாய் 30 காசு வீதம் 1,54,500 ரூபாயைக் கையிலிருந்து கட்டினோம். ஈடுகட்ட டாலர் எதுவும் வராத இந்தப் பணம்தான் அசல் நஷ்டம். தவறு ஃபார்வர்ட் எடுத்ததில் இல்லை. ஒரு டிரம்கூட நிரம்பாத மே மாதத்தில் முழு ஆர்டருக்கும் எடுத்ததில் இருந்தது.

கையில் இல்லாத டாலருக்கு எடுக்கும் ஒப்பந்தம் காப்பு அல்ல, பந்தயம். இதன் பெரிய வடிவத்தை 2008-இல் திருப்பூரும் கோவையும் பார்த்தன. டாலர் இறங்கியதில் அடிபட்டிருந்த ஏற்றுமதியாளர்கள் பலர், முன்பணம் எதுவுமில்லை என்று வங்கிகள் நீட்டிய சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில், அதாவது நாணய விலைகளின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பணம் கைமாறும் ஒப்பந்தங்களில், கையெழுத்திட்டார்கள். சரக்கை டாலரில் விற்றவர்கள் ஸ்விஸ் ஃபிராங்க் ஏறுமா இறங்குமா என்பதில் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம் ஆகாது, ஆகவே செல்லாது என்று சொல்ல முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தன் தொழிலில் இல்லாத நாணயத்தின் பெயரைத் தாளில் பார்த்ததுமே அவர்கள் எழுந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

‘ஆப்ஷன்’ எடுத்திருக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம்; டாலர் ஏறினால் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுச் சந்தை விலைக்கே விற்றுக்கொள்ளலாம். அந்தச் சலுகைக்கு முன்கூட்டியே பிரீமியம் கட்டவேண்டும், பழம் வாங்கப் பணத்துக்கு அலைகிற மாதத்தில் எங்கள் முதலாளி அதற்குச் சம்மதித்ததே இல்லை. பழத்தின் விலைக்கோ இந்த வழி எதுவும் கிடையாது. தர்மபுரியில் விளையும் மஞ்சளுக்காவது, பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேரச் சந்தை இருக்கிறது, மாங்காய்க்கு இல்லை.

அடுத்த ஆண்டு ஃபார்வர்ட் பேரேட்டில் ஆர்டர் எண்ணுக்கும் பிரிக்ஸ் அளவுக்கும் ஒவ்வொரு பத்தி சேர்த்தேன். ஆர்டரில் பாதிக்கு மட்டும் முதலில் எடுத்து, மீதியை டிரம்கள் சோதனையில் தேறிய பிறகு எடுத்தோம். முதலாளியும் காலையில் டாலர் விலையைக் கேட்பதற்கு முன், நேற்று எத்தனை டிரம் தேறியது என்று கேட்கத் தொடங்கினார்.