43 முழங்கால் வலி

திருத்தத்துக்கு வந்த ஒரு நாவல் பிரதியில் 'முழங்கால்' என்ற சொல் 43 இடத்தில் வந்திருந்தது. சந்தேகம் வந்து எண்ணியே பார்த்தேன். நாயகனுக்கு 63 வயது. படி ஏறினால் முழங்கால், மழை பெய்தால் முழங்கால், முத்தம் கொடுக்கக் குனிந்தாலும் முழங்கால். கிழவர் என்றாலே மூட்டு வலிதான் என்று நினைக்கும் சின்னப் பையன் யாரோ எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். 31 இடத்தில் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு குறிப்பும் போட்டேன்: "முதுமை என்பது முழங்கால் மட்டுமல்ல."

எழுதியவரிடமிருந்து இரண்டே நாளில் தொலைபேசி வந்தது. அவருக்கு வயது 66.

"தம்பி, எனக்கு ஒரு நாளைக்கு 43 தடவைக்கு மேலேயே வலிக்குது. நீங்க எந்தக் கணக்குல குறைச்சீங்க?"

ஆணும் ஆணும் காதலிக்கும் நாவல்களைச் செப்பனிடுவது என் வேலை. இந்த வகையில் பெரும்பாலானவர்கள் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். பிரதி என் மேசைக்கு வரும்போது அதில் பெயர்கூட உண்மையில்லை, வயது எங்கே இருக்கப்போகிறது! அதனால் எழுத்தை வைத்தே ஆளின் வயதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கர்வம் எனக்கு வளர்ந்துவிட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 29. நாயகர்களும் ஏறக்குறைய என் வயதில்தான் இருந்தார்கள். இப்போது எனக்கு 44. அவர்கள் இன்னும் 27லேயே நிற்கிறார்கள். நான் அவர்களுடைய மேலாளர் வயதுக்கு வந்துவிட்டேன்.

நாயகனுக்கு ஐம்பதைத் தாண்டினால் விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும். அட்டையில் இரண்டு நரைத்த தலைகளைப் போட்டால் முதியோர் இல்லத்துக் கதை என்று வாங்குபவர்கள் நினைத்துவிடுவார்களாம். கீழ்ப்பக்க வரம்பு வேறு விஷயம். படுக்கையறைக் காட்சி இருந்தால் இருவருக்கும் 18 முடிந்திருக்க வேண்டும், அதில் பேரமே கிடையாது. பள்ளிப் பருவக் காதல் என்றால் அது வேறு அலமாரி, வேறு கை.

முன்பெல்லாம் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு வயதுத் தாள் போடுவேன். யார் எந்த ஆண்டு பிறந்தார், கதை நடக்கும்போது என்ன வயது, அவ்வளவுதான். மூன்றாம் அத்தியாயத்தில் 34 ஆக இருந்தவர் பத்தாம் அத்தியாயத்தில் 32 ஆகிவிடாமல் இருக்க. அந்தத் தாளைப் பார்த்துத்தான் 66 வயதுக்காரரிடம் இன்னொரு புகாரும் வைத்திருந்தேன். 63 வயது மனிதர், பூங்கா பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொடுவதற்கு நான்கு பக்கம் தவிக்கிறாரே, இது 17 வயதுப் பையன் படும் பாடல்லவா என்று கேட்டிருந்தேன்.

"அவனுக்கு 63, சரி. அவன் ஒரு ஆம்பளையோட கையைப் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னு நீங்க கேட்கவே இல்லையே?"

"எத்தனை வருஷம் சார்?"

"அந்த நாலு பக்கம் முடியுற இடத்துலதான் பிடிக்கிறான்."

கல்யாணம் செய்து, பிள்ளைகளைக் கரையேற்றி, மனைவியை இழந்து, 61இல்தான் தன்னைத் தனக்கே ஒப்புக்கொண்ட மனிதர். எல்லாம் பிரதியிலேயே இருந்தது. முழங்காலை எண்ணிக்கொண்டிருந்ததில் என் கண்ணில் படவில்லை.

அன்றைக்கே வயதுத் தாளில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். பிறந்து எத்தனை வருடம் என்பது முதல் கட்டம், தன்னை ஒப்புக்கொண்டு எத்தனை வருடம் என்பது இரண்டாவது. ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளில் இந்த இரண்டாம் கட்டத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. இங்கே அதுதான் பாதிக் கதை. முதல் கட்டத்தில் 63ம் இரண்டாவதில் 2ம் உள்ளவர் தடுமாறாமல் இருந்தால்தான் தப்பு.

அடுத்த மாதமே இதற்கு நேர் எதிரான பிரதி ஒன்று வந்தது. நியூயார்க்கில் நடக்கும் கதை. 2022இல் நாயகனுக்கு 57. 19 வயதிலேயே வெளிப்படையாக வாழத் தொடங்கியவர், ஆக இரண்டாம் கட்டத்தில் 38. "என் இருபதுகள் ஒரே கொண்டாட்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். என் பேனா அங்கே நின்றுவிட்டது. 1965இல் பிறந்தவரின் இருபதுகள் என்றால் 1985 முதல் 1995 வரை. பிற்பாடு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அறிக்கை அமெரிக்காவில் வந்தது 1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து ஆண்கள், ஐவருமே 29 முதல் 36 வயதுக்குள். கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து சாவு குறையத் தொடங்கியது 1996 வாக்கில். இந்த மனிதரின் இருபதுகள் முழுக்க அந்த இடைவெளிக்குள் விழுகின்றன. "இவருக்குத் தெரிந்தவர்கள் யாருமே சாகவில்லையா?" என்று மட்டும் ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

எழுதியவருக்கு 29. இந்தத் தடவை கேட்டே தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு ஒரே ஒரு பத்தி வந்தது. நாயகன் 24 வயதில், அங்கே சாவுச் சடங்குக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு ஒன்றை வாங்குகிறார். 28 வயதில் அதன் முழங்கை தேய்ந்து கிழிந்துவிடுகிறது. அதே கடைக்குப் போய் இன்னொன்று வாங்குகிறார். செத்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை, அழுகையும் இல்லை. நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

இளைஞர்கள் முதியவர்களை எழுதக் கூடாது, முதியவர்கள் இளைஞர்களை எழுதக் கூடாது என்று அலுவலகத்தில் அவ்வப்போது ஒரு வாதம் கிளம்பும். அப்போதெல்லாம் நான் அமெரிக்க எழுத்தாளர் ஆனி புரூவைத்தான் இழுப்பேன். 'புரோக்பேக் மவுண்டன்' கதை 1997இல் வெளியானபோது அந்த அம்மாவுக்கு 62. கதை தொடங்கும் 1963 கோடையில், அதில் காதலிக்கும் இரண்டு பையன்களுக்கும் இருபதுகூட ஆகவில்லை. ஆனாலும் எழுதுபவரின் வயது எங்கேயோ ஒழுகத்தான் செய்கிறது. வயதானவர் எழுதும் 21 வயதுக்காரன் முத்தத்தின் நடுவில் 'இந்த நிமிடம் திரும்ப வராது' என்று நினைப்பான். 21இல் யார் அப்படி நினைக்கிறார்கள்? இளையவர் எழுதும் கிழவருக்கு ஆசையே இருக்காது, அறிவுரை மட்டும் இருக்கும். கிறிஸ்டோபர் இஷர்வுட் 1964இல் வெளியிட்ட 'எ சிங்கிள் மேன்' நாவலின் ஜார்ஜுக்கு 58 வயது. துணைவனை விபத்தில் பறிகொடுத்தவர். அவர் இரவு நேரத்தில் தன் மாணவனோடு கடலில் இறங்கிக் குளிக்கிறார். எழுதிய இஷர்வுட்டுக்கு அப்போது அறுபதை எட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் மட்டும் என் தாளில் அடங்குவதில்லை. 'மாரிஸ்' நாவலை அவர் 1913இல் தொடங்கி 1914இல் முடித்தார், அப்போது வயது 35. இரண்டு ஆண்கள் காதலித்து, சாகாமல், சேர்ந்தே வாழ்வதாக முடித்ததால் அன்றைய இங்கிலாந்தில் அதை அச்சேற்ற முடியாது. இடையிடையே எடுத்துத் திருத்தி வைத்திருக்கிறார், எண்பது வயதைத் தொட்ட காலத்திலும். 1970இல் 91 வயதில் காலமானார். நாவல் வந்தது 1971இல். அத்தனை வருடமும் நாயகன் இருபதுகளிலேயே இருந்திருக்கிறான். ஆசிரியர் வயது என்ற இடத்தில் நான் என்ன எழுதுவது?

66 வயதுக்காரரோடு கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. அவரே 24 முழங்காலை எடுத்துவிட்டார், 19 நின்றது. எனக்கு அதுவும் கூடுதல்தான். ஆனால் திரும்பி வந்த பிரதியில் புதிதாக ஒரு காட்சி இருந்தது. 63 வயதுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் தரையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவருடைய கால்விரல் நகங்களை வெட்டிவிடுகிறார். சுண்டுவிரல் நகம் தெறித்து எங்கோ விழுகிறது. இருவரும் அதைத் தேடுகிறார்கள்.

மின்னஞ்சலின் கீழே ஒரு வரி: "தம்பி, இதுல அந்த வார்த்தை இல்ல. தேடிப் பார்த்துக்கோங்க."

தேடிப் பார்த்தேன். இல்லை.