நிலாவெளி மணலும் மூன்று முறை திறந்த டிஃபரன்ஷலும்

நான்கு மாதங்களாக ஒவ்வொரு ஒடுங்கிய திருப்பத்திலும் பின் அச்சிலிருந்து எழுந்துகொண்டிருந்த முனகல் சென்ற ஞாயிற்றுக்கிழமை நின்றது. திருப்பத்தில் இரு பின் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடங்கொடுக்கும் டிஃபரன்ஷலில், அதைச் சுழற்றும் கிரவுண் பினியன் பற்சில்லுகள் போய்விட்டன என்று மூன்று கராஜ்களில் அடித்துச் சொன்னார்கள். பினியனுக்கு ஒரு குறையும் இல்லை.

வாகனம் 1995ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கேப். மச்சானின் படகை நிலாவெளிக் கரையில் இறக்கவும் ஏற்றவும் அதையே கொண்டுபோகிறோம். ட்ரெயிலர் ஈரமணலில் இறங்கியதும், நான்கு சில்லு இழுவையைப் போட்டாலும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சும்மா சுற்றிக் குழி தோண்ட, மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு சில்லு மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷலான லிமிட்டட் ஸ்லிப்பில், ஹெலிக்கல் (சாய்வான) பற்சில்லு வகையை வாங்கும்படி பலர் சொன்னார்கள். அதில் தேய்வதற்குத் தட்டுகள் இல்லை, எண்ணெயில் தனிக் கலவையும் வேண்டியதில்லை. ஆனால் பிடிப்புக் குறைந்த சில்லுக்குக் கிடைக்கும் விசையைப் பெருக்கித்தான் அது மற்றச் சில்லுக்குக் கொடுக்கிறது. ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால், பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே. பிரேக்கை மெல்ல மிதித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். பின்னால் படகு இழுபடும்போது அந்த வித்தை எனக்கு ஒத்துவராது. ஆகவே உராய்வுத் தட்டுகளை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் கிளச் தட்டு வகையைத் தெரிந்தெடுத்தேன்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய அலகு ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுழற்றிப் பார்த்தேன். கட்டைபோல இறுகியிருந்ததில் மகிழ்ந்து காசைக் கொடுத்துவிட்டேன். தட்டுகளுக்கிடையில் படிந்த துருதான் அந்த இறுக்கம் என்பது வீட்டில் பிரித்த பின்னரே தெரிந்தது. கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். புதிய உராய்வுத் தட்டுகளை வரவழைத்து, ஓர் இரவு எண்ணெயில் ஊறவிட்டு அடுக்கினேன். அதைப் பூட்டிய பிறகுதான் முனகல் தொடங்கியது.

என்னைப் பிடித்து ஆட்டியது, தட்டுகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்று பார்க்கும் சுழல்விசை அளவீடுதான். ஆறு துளையிட்ட இரும்புத் தகட்டின் நடுவில் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அதைச் சில்லுப் போல்ட்டுகளில் மாட்டினேன். ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி, மற்றவற்றுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி, டோர்க் ரென்ச்சால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். அசையத் தொடங்கும் கணத்தில் முள் துள்ளிக் காட்டும் அளவை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது காட்டுவதை நான் குறித்துக்கொள்கிறேன். இடப்பக்கம் 60 நியூட்டன் மீற்றர், வலப்பக்கம் 85. இறுக்கம் கூடிவிட்டது, முனகலுக்கும் அதுவே காரணம் என்று முடிவுகட்டி, முழு அலகையும் கழற்றி, தட்டுகளின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் ஷிம் தகட்டுக்குப் பதிலாக மெல்லியதொன்றைப் போட்டேன். மீண்டும் பூட்டியபோது இரண்டு அளவும் குறைந்தன. வித்தியாசம் மட்டும் அப்படியே 25. ஒரே தட்டுகளைத்தான் இரு பக்கத்திலிருந்தும் அளக்கிறேன், பிறகு எப்படி இரண்டு விடைகள் வரும் என்பது அன்றிரவு படுக்கையில்தான் உறைத்தது. வலப்பக்க பிரேக் டிரம்மில் பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்திருக்கிறது. ஷிம்மைப் பழையபடி மாற்ற மூன்றாம் முறையும் திறந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

முனகலுக்குக் காரணம் எண்ணெய். நான் ஊற்றியது சாதாரண கியர் எண்ணெய் (ஜிஎல்-5 80டபிள்யூ-90). தட்டுகள் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விட்டதால் வந்த அதிர்வே அந்தச் சத்தம். தட்டுகளைச் சீராக வழுக்கவைக்கும் உராய்வு மாற்றிக் கலவையைச் சுமார் 120 மில்லிலீற்றர் சேர்த்த அன்று ஒரு மாற்றமும் தெரியவில்லை, மனம் வெறுத்துப்போனது. தட்டுகளுக்கிடையில் பழைய எண்ணெயே சிக்கியிருக்கும் என்று எண்ணி, உப்புவெளியில் ஒரு வெறுங்காணியில் முதலாம் கியரில் எட்டுப் போட்டு ஓட்டினேன். பத்தாவது எட்டோடு சத்தம் அடங்கியது.

இரு பின் ரயர்களையும் சோடியாகவே மாற்றுகிறேன்; ஒன்று புதிதும் மற்றது தேய்ந்ததுமாக இருந்தால் நேர்ச்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் உரசும். கடல்நீர்தான் அடுத்த தலையிடி. ஓடிச் சூடேறிய அச்சு நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியே உப்புநீரை இழுத்துக்கொள்ளும். பால்கோப்பி நிறத்தில் எண்ணெய் வடிந்தால் தட்டுகளின் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம். அதனால் மூச்சுக்குழாயை ரப்பர் குழாயால் நீட்டி, பின்விளக்கு உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதன் வாய்க்கு ஏற்ற வடிகட்டி திருகோணமலையில் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறேன்.