சத்தியக்கடதாசியில் சமயம்

யாழ்ப்பாணத்தில் ஒரு சத்தியக்கடதாசி, அதாவது உண்மையென்று உறுதிகூறிக் கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலம், எழுதப்படும்போது, வெளிப்படுத்துநரின் பெயருக்கும் முகவரிக்கும் பக்கத்திலேயே அவருடைய சமயமும் வந்துவிடும். இந்துவாயின் "உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதியுரைக்கின்றேன்" என்றும், கிறிஸ்தவராயின் "சத்தியம் செய்கின்றேன்" என்றும் வாசகம் மாறும். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் நெடுங்காலமாக எழுதுவினைஞராக இருக்கும் எனக்கு இந்த வரியைத் தட்டச்சுச் செய்வது கைப்பழக்கமாகிவிட்டது. ஆனால், ஒருவர் உண்மை பேசுவார் என்பதற்கு அவருடைய சமயந்தான் பிணையா என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சட்டமே இதில் ஒரு மனதாக இருந்ததில்லை. சத்தியம், உறுதியுரை ஆகியவை பற்றிய 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரைக்கலாம் என்கிறது. மனச்சாட்சியின்படி சத்தியம் செய்ய விரும்பாதவருக்கும் அதே வழியைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்காடும் இருவரும் உடன்பட்டால், தாம் கட்டுண்டதாகக் கருதும் முறையில், கோயில் முன்றலிலேயே சத்தியம் செய்து வழக்கை முடித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளித்தது. தெய்வத்துக்கு அஞ்சி மனிதன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு 12 ஆண்டுகள் முன்னரே வந்துவிட்ட 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறை என்று விதித்தது. அவர் வேதாகமத்தைத் தொட்டுச் சொன்னாரா, வெறுமனே உறுதியுரைத்தாரா என்று அது பார்ப்பதில்லை. தெய்வ பயத்தை மட்டும் நம்பி நீதி நடத்த எவரும் துணியவில்லை என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவருடையது. 1995 இடப்பெயர்வில் வெளியேறி மீண்டு வந்தபோது, திரும்பி வராத அயலவரின் பக்கமாகக் கதியால்களைத் தள்ளி நட்டு வேலியை அடைத்திருந்தார். தகப்பன் காலத்திலிருந்தே வேலி அந்த இடத்தில்தான் இருந்தது என்று சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். பழைய காணி உறுதிப் பத்திரத்தோடு இருந்த நில அளவைப் படத்தை எடுத்துக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் அதை வைச்சுச் சாப்பிடப் போறேல்லை. அந்தத் துண்டைப் பிள்ளையாருக்குத்தான் எழுதப்போறன்" என்று மிகுந்த அமைதியோடு சொன்னார். அவருடைய பக்தி பொய்யன்று என்பதை நான் இன்றும் சொல்வேன். அந்தப் பக்திதான் பிறர் நிலத்தை எடுப்பதை அவருக்குத் தருமமாகக் காட்டியது. சட்டத்தரணி ஐயா அதை எழுத மறுத்துவிட்டார்.

வேறொரு சமயம், இளமையில் இடதுசாரி இயக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பெறாமகனுக்காகச் சாட்சி சொல்ல வந்தார். வழமைபோல் நான் தட்டச்சுச் செய்திருந்த "இந்து" என்ற சொல்லைக் கண்டதும் பேனையை வாங்கி அதை வெட்டினார். "அதை விட்டால் முதல் வரியிலேயே நான் பொய் சொன்னதாப் போயிடும்" என்றார். ஒரு காணியை 10 ஆண்டுகள் இடையறாமல், பிறருடைய உரிமையை ஏற்காமல் ஆண்டு வந்தவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து இங்குள்ள சட்டம். அந்த 10 ஆண்டுகளையும் தாம் கண்டதாக அவர் சொன்னால் பெறாமகனின் பக்கம் வலுத்திருக்கும். "அவன் கிணறு வெட்டினதில இருந்துதான் எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி நான் கண்டதில்லை" என்று அவர் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குடும்பம் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டது. கடவுளை மறுப்பவரை வாக்குறுதியோ சத்தியமோ கட்டுப்படுத்தாது என்று 1689இல் வெளியான தம் நூலில் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் வாதிட்டிருக்கிறார். அந்த ஆசிரியரைக் கண்ட பிறகு அக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்விருவரையும் அருகருகே நிறுத்தி, அறத்துக்குச் சமயம் வேண்டியதில்லை, அவரவர் மனச்சாட்சி போதும் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் எங்கள் மண்ணின் வரலாறு அதற்கும் இடங்கொடுக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வரலாகாது என்று வழிமறித்தவர்களும் தங்கள் மனச்சாட்சியைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். ஆகமத்தைக் காக்கிறோம் என்று மெய்யாகவே நம்பினார்கள். கதவைத் திறக்கச் சொல்லிப் போராடியவர்களில் முருகனை வணங்கியவர்களும் இருந்தார்கள், கோயிலையே நம்பாத பொதுவுடைமைவாதிகளும் இருந்தார்கள். சாதியைக் காட்டி ஆலயத்தில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அதன் கீழ் எழுந்த மாவிட்டபுர வழக்கு, அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. ஆகவே, ஒருவர் தம் நம்பிக்கையில் எவ்வளவு உண்மையாக இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து அவர் செய்வது சரியென்று சொல்லிவிட முடியாது. எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களிலும், பொய்யென்று தெரிந்து சொல்பவர்களைவிடத் தமக்குச் சாதகமானதை நம்பிவிட்டுச் சொல்பவர்களே அதிகம்.

வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் வசமிருந்த காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காலத்தில் வந்த ஓர் அம்மாவிடந்தான் இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு வெளிச்சம் கிடைத்தது. காணி உறுதி தொலைந்துவிட்டது, வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் கிணறும். அந்தக் கிணற்றில் அயல் வீட்டாருக்கும் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் இருந்தன. அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள், கேட்க ஆளில்லை, கிணறு முழுவதும் எங்களுடையது என்றே எழுதுங்கள் என்று மகன் வற்புறுத்தினார். அம்மா நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். தெய்வத்தின் பெயரைச் சொல்லி மகனைத் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அவை கனடாவில இருந்தால் என்ன, அவையின்ர பங்கு அவையின்ர பங்குதானே. அந்தக் கிணத்திலதான் அவையின்ர பிள்ளைக்கும் உனக்கும் சேர்த்துத் தண்ணி வார்த்தனான்" என்றார். மகன் அதற்கு மேல் பேசவில்லை. நான் பங்கைக் குறிப்பிட்டே எழுதினேன்.

அந்த அம்மாவைக் கட்டியது சமயமா, தனிநம்பிக்கையா என்று கேட்டால், இரண்டும் முழு விடையாகா என்பதே என் கருத்து. அயல் வீட்டுப் பெண் அவருடைய மனக்கண் முன் நின்றிருந்தாள்; அவளுக்கு ஒரு கடன் இருப்பதாக அவர் உணர்ந்தார். அந்த உணர்வை அவரிடம் வளர்த்ததில் கோயிலுக்குப் பங்கு இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலியைத் தள்ளி நட்ட பெரியவருக்கும் அதே கோயில்தான் இருந்தது; பிள்ளையாரைக் கண்ட அவருடைய கண்ணுக்கு அயலவர் தெரியவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான எங்கள் தேசவழமையும் இதை எப்படியோ அறிந்திருக்கிறது. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலியார்கள் பார்த்து ஒப்பிய அந்த வழக்காறு, பங்காளிக்கு அறிவிக்காமல் காணியை வெளியாருக்கு விற்பவர் சைவரா கத்தோலிக்கரா என்று பார்ப்பதில்லை. பங்காளிக்கு உள்ள உரிமையைத்தான் பார்க்கிறது.

அதனால் இப்போது எந்த வரைவையும் கையொப்பத்துக்கு முன் உரத்து வாசித்து, பந்திக்குப் பந்தி நிறுத்தி, "மற்றப் பகுதிக்காரர் இதில இருந்தாலும் இதைச் சொல்லுவியளோ?" என்று கேட்கிறேன். சிலர் ஓமென்று சொல்லிவிட்டுப் பொய்யிலேயே கையொப்பமிடுவார்கள். அவர்களை என்னால் தடுக்க முடிவதில்லை. ஆனால் அண்மையில் வந்த ஒரு தமையன், தங்கையின் சீதனக் காணி பற்றிய பந்தியைக் கேட்டதும், "அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, அவளிட்டக் கேட்டுப்போட்டு வாறன்" என்று எழுந்து போனார். பிறகு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தங்கை சொன்ன எல்லைகளோடு அந்தப் பந்தி மாற்றி எழுதப்பட்டது.