நீல மேகக் குறி

காவடி எடுப்பவர்களின் பட்டியல் கணினியில் கண்ணெதிரே இருக்கிறது. திறக்கத்தான் மறுக்கிறது.

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவில் அலுவலகம். நேற்றைய காற்றில் இணைய இணைப்பு போய்விட்டது. “கோப்பு கெட்டுப்போய்விட்டதா, தம்பி?” என்று செயலாளர் ஐயா ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கெடவில்லை. கோப்பின் பண்புகளைத் திறந்து காட்டினேன்.

அளவு 4 எம்பி. வட்டில் பிடித்திருக்கும் இடம் 0 பைட்!

பெயர் மட்டும் இங்கே. உடல் எங்கோ ஒரு சர்வரில். நம்மிடம் இருப்பதாக நாம் நம்புவதில் பாதி இப்போது இப்படித்தான் பெயரளவில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில், கோப்பின் பக்கத்தில் தெரியும் நீல மேகக் குறிக்கு இதுதான் பொருள். அமைப்பைப் பொறுத்து, நெடுநாள் தொடாத கோப்புகளை விண்டோஸ் தானாகவே இப்படி மாற்றிவிடும். தைப்பூசத்துக்கு மட்டும் திறக்கும் பட்டியல் தப்புமா?

கைப்பேசி இணையத்தைக் கணினிக்குக் கொடுத்ததும் திறந்துவிட்டது. உடனே வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திருக்கும்படி மாற்றினேன். மேகம் போய், பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வந்தது.

ஐயா அப்போதும் பட்டியலை அச்செடுத்து, உண்டியல் சாவியோடு பூட்டி வைத்தார். புயல் மாதத்தில் ஒரு மொரீஷியஸ்காரரை மேகத்தை நம்பச் சொன்னால் நம்புவாரா என்ன!