தளர்ந்துபோன ஹேண்ட்கார்டும் அதன் அடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கும்

என் ஏஆர்-15 ரைஃபிளின் ஹேண்ட்கார்டு (குழலைச் சுற்றி இருக்கும், முன்கையால் பிடிக்கும் கூடு) மூன்று மாதங்களுக்குள் இரண்டு முறை தளர்ந்துவிட்டது. முதல் முறை திருகுகளை இறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எடுத்து வைத்துவிட்டேன். இரண்டாம் முறைதான் அதை முழுவதும் கழற்றி, ஏன் தளர்கிறது என்று பார்த்தேன். டெக்சாஸில் என்னைப் போல வார இறுதிகளில் சுடுதளத்துக்குச் செல்லும் தமிழ் நண்பர்கள் சிலர் இதே சிக்கலைப் பற்றிக் கேட்டதால், நான் கண்டதையும் செய்ததையும் விரிவாகவே எழுதுகிறேன்.

யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் உருவாக்கிய இந்த ரைஃபிளின் பழைய வடிவத்தில், ஹேண்ட்கார்டு இரண்டு பாதிகளாக இருக்கும். அதன் பின்முனையை ஸ்பிரிங் வைத்த ஒரு வளையமும் முன்முனையைக் குழலின் மேலேயே பொருத்தப்பட்ட ஒரு மூடியும் பிடித்துக்கொள்ளும். ஆகவே தோள்வாரை இழுத்தாலும், பைபாட் எனப்படும் இரட்டைத் தாங்கு கால்களின் மேல் ரைஃபிளைச் சாய்த்தாலும், அந்த அழுத்தம் நேராகக் குழலின் மேல் விழுந்து குண்டு படும் இடத்தை மாற்றிவிடும். ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு இந்தக் குறையை நீக்குவதற்காக வந்தது. அது பின்முனையில், குழலை ரிசீவரோடு (ரைஃபிளின் நடு உடலோடு) இணைக்கும் பேரல் நட்டை மட்டுமே பற்றிக்கொண்டு நிற்கும். மற்ற இடம் எதிலும் குழலைத் தொடாது. பதினைந்து அங்குல நீளமுள்ள ஒரு அலுமினியக் கூடு ஒரே முனையில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்றால், மறுமுனையில் பைபாட் மாட்டி அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது நெம்புகோலாக மாறி அந்தப் பிடிப்பையே சோதிக்கிறது. துல்லியத்துக்காக நாம் கொடுக்கும் விலை இது.

எனக்கு முதலில் தெரிந்தது இலக்குத் தாளில்தான். 100 கெஜத்தில் வழக்கமாக ஒன்றரை அங்குலத்துக்குள் விழும் ஐந்து குண்டுகள், அன்று மேலும் கீழுமாக மூன்று அங்குலத்துக்குச் சிதறியிருந்தன. தோட்டாக்களை மாற்றிப் பார்த்தேன், தொலைநோக்கியின் வளையங்களைச் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. பக்கத்து மேசையில் இருந்த அனுபவசாலி ஒருவர், ரைஃபிளைக் காலி செய்துவிட்டு, ஒரு கையால் ரிசீவரையும் மறு கையால் ஹேண்ட்கார்டையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்கச் சொன்னார். திருகியதும் மெல்லிய ஒரு 'டிக்' ஓசை கேட்டது. ரிசீவரின் மேல்தண்டவாளமும் (குறிநோக்கிகளை மாட்டும் பட்டை) ஹேண்ட்கார்டின் மேல்தண்டவாளமும் சேருமிடத்தில், அதுவரை நேர்க்கோடாக இருந்த விளிம்பு ஒரு மயிரிழை விலகி, கையை விட்டதும் திரும்பி வந்தது. கூடு முன்பக்கமாகவும் சற்று நகர்ந்திருந்தது. இடைவெளியில் என் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது.

அன்றே ஆலன் கீயை எடுத்துக் கைவலுவுக்கு ஏற்ப இறுக்கினேன். அது தவறு. இந்தச் சிறு திருகுகள் அலுமினிய மரையில் ஏறுபவை. வலுவெல்லாம் காட்டினால் மரை தேய்ந்துபோகும், பிறகு கூட்டையே மாற்ற வேண்டிவரும். என் நல்ல காலம், மரை போகவில்லை. ஆனால் இரண்டு முறை சுடுதளம் சென்று திரும்புவதற்குள் அதே 'டிக்' ஓசை மீண்டும் கேட்டது.

இந்த முறை வீட்டில், பொறுமையாக உட்கார்ந்தேன். மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்ததோடு விரலாலும் தொட்டு உறுதி செய்துகொண்டேன். தோட்டாக்கள் அனைத்தும் வேறு அறையில் இருந்தன. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும். பிறகு கீழ் ரிசீவரைப் பிரித்து வைத்து, மேல் பாதியை மட்டும் வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பொருத்தினேன். ரிசீவரை நேராக வைஸில் நெருக்கக்கூடாது. குழலின் பின்முனையில் போல்ட் பூட்டிக்கொள்ளும் பற்களுக்குள் நுழையும் எஃகுத் தண்டு ஒன்று கிடைக்கிறது, அதை வைஸில் பிடித்து அதன்மேல் ரிசீவரை ஏற்றினால் முறுக்கு விசை அலுமினிய உடலில் விழாது.

இரண்டு குறுக்குத் திருகுகளையும் முழுவதும் வெளியே எடுத்த பின்னரே கூடு முன்னோக்கி வழுகி வந்தது. அவை பேரல் நட்டில் உள்ள பள்ளத்தின் வழியாகச் செல்வதால், பாதி கழற்றிவிட்டு இழுத்தால் வராது. உள்ளே கண்டதுதான் முழுக் கதையும். பேரல் நட்டின் மேற்பரப்பு முழுவதும் தேன் போன்ற பழுப்பு நிற எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. துருப் பிடிக்காமலிருக்கத் தடவப்பட்ட எண்ணெயை யாரும் துடைக்காமலே கூட்டை மாட்டியிருக்கிறார்கள். பிசுக்கின் நடுவே இரண்டு இடங்களில், கூடு உரசி உரசிப் பளபளப்பாகியிருந்தது. இந்த வகைக் கூடு பெரும்பாலும் உராய்வினால்தான் நட்டைப் பிடித்துக்கொள்வது. வழுக்கும் பரப்பின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் அது நகரத்தான் செய்யும். திருகுகளின் மரையிலும் அதே எண்ணெய்.

ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ஆட்டம் கூட்டில்தான் இருக்கிறதா, அதன் அடியில் உள்ள பேரல் நட்டிலேயே இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் எதையும் மாட்டக்கூடாது. நட் தளர்ந்திருந்தால் குழலே ரிசீவரில் ஆடும். அது வேறு வகையான, மிகவும் பெரிய சிக்கல். அமெரிக்க ராணுவக் கையேட்டின்படி பேரல் நட்டின் முறுக்கு அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு வரை. நட்டுக்குரிய சாவியை, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சுக்குச் செங்குத்தாகப் பொருத்தி (நேர்க்கோட்டில் பொருத்தினால் நெம்புநீளம் கூடி அளவு மாறிவிடும்) 40 அடி-பவுண்டில் வைத்துப் பார்த்தேன். நட் அசையாமலே ரெஞ்ச் சொடுக்கியது. மனம் நிம்மதியானது. அசைந்திருந்தால் நட்டைக் கழற்றி, மரையில் மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவி மறுபடி இறுக்க வேண்டியிருந்திருக்கும். கிராஃபைட் கிரீஸ் அங்கே ஆகாது. எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் அது அரிப்பைத் தூண்டும்.

பிறகு நடந்தது எளிய வேலை. மருந்துக் கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் நட்டின் வெளிப்பரப்பு, கூட்டின் உட்பரப்பு, திருகுகள், மரைத்துளைகள் அனைத்தையும், துணியில் கறை வராத வரை துடைத்தேன். கூட்டை மீண்டும் ஏற்றி, ரிசீவரோடு இடைவெளியின்றித் தள்ளி, இரண்டு தண்டவாளங்களின் மேலும் ஓர் எஃகு அளவுகோலை வைத்து நேராக்கினேன். மடக்கும் முன் இரும்புக்குறி என் ரைஃபிளில் கூட்டின் மேல்தான் இருப்பதால், இங்கே விடும் சிறு சாய்வும் குறியைத் தவறச் செய்யும். ஒவ்வொரு திருகின் மரையிலும் திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரே ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு வகையைத் தொடவே வேண்டாம். அதை விடுவிக்க ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அதற்குள் திருகின் தலை வீணாகிவிடும். இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கி, என் கூட்டுக்கான விளக்கத்தாளில் கண்ட 35 அங்குல-பவுண்டில் நிறுத்தினேன். இந்த அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்களுடைய தாளைப் பாருங்கள்.

கடைசியாக, திருகின் தலையிலிருந்து கூட்டின் உடல்வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். திருகு சிறிது திரும்பினாலும் கோடு இரண்டாக முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். லாக்டைட் முழுமையாக இறுக 24 மணி நேரம் விட்டு, மறுநாள் 100 கெஜத்தில் மீண்டும் ஜீரோ செய்தேன், அதாவது குறிவைக்கும் இடத்திலேயே குண்டு படுமாறு சரிசெய்தேன். பைபாடை நன்றாக அழுத்திச் சுட்ட ஐந்து குண்டுகள் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்தன. அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் சுட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் ரைஃபிளைப் பையில் வைக்கும் முன் அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறேன். இரண்டும் இன்றுவரை முறியாமல் நேராகவே இருக்கின்றன.