நெஞ்சுக்குக் குறுக்கே ரிவால்வர்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நடைபாதை தொடங்கும் இடத்தில் இன்று காலை ஒருவர். முதுகில் பை, நெஞ்சுக்குக் குறுக்கே தோல் உறை, அதில் 44 மேக்னம் ரிவால்வர்.

கிரிஸ்லி கரடிக்காகவாம்.

ஏன் இடுப்பில் இல்லை என்று கேட்டேன். பையின் பட்டை மறைத்துவிடுமாம். கரடி கீழே தள்ளினாலும் நெஞ்சில் இருந்தால் கைக்கு எட்டுமாம். சொல்லும்போதே அவர் கட்டைவிரல் உறையின் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தது.

அந்தப் பயம் புரிகிறது. கிரிஸ்லி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும். 40 மீட்டரில் புதரிலிருந்து கிளம்பினால் நமக்கு மூன்று விநாடிகூடக் கிடையாது. அதற்குள் எடுத்து, குறிபார்த்து, குலுங்கி வரும் அந்தத் தலையில் சுடவேண்டும். கை நடுங்காதா?

2010 முதல் இங்கே துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பூங்காவுக்குள் சுடுவதற்கு இன்றும் தடைதான்.

நான் நம்புவது கரடி ஸ்ப்ரேயை. மிளகாயின் காரம்தான், 9 மீட்டர் வரை மேகமாகப் பரவும். துல்லியமான குறி தேவையில்லை. அலாஸ்கா சம்பவங்களை வைத்து 2008இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளை (கிரிஸ்லியும் அந்த இனம்தான்) அது 92 சதவீதம் தடுத்திருக்கிறது. கைத்துப்பாக்கியும் பலரைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்ப்ரே பட்ட தாய்க்கரடி கண்ணெரிச்சலோடு குட்டிகளிடம் திரும்பிப் போகும். குண்டு பட்டது?

அப்புறம், வளைவுகளில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். ஆள் வருவது முன்னாலேயே தெரிந்தால் பெரும்பாலும் கரடியே விலகிவிடும்.