ஐந்தாம் நாள்: வீராணத்தில் சைக்கிளைப் படகில் ஏற்றினேன்

நான்கு நாளில் 190 கிலோமீட்டர். திருச்சியில் கிளம்பி கல்லணை, தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று சுற்றி, நேற்று சாயங்காலம் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி காட்டுமன்னார்கோவில் வந்து சேர்ந்தேன். தை மாதம், சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது. நெல் மேல் ஏற்றினால் திட்டு விழும், ஒதுங்கினால் பின்னால் பஸ்ஸின் ஹாரன். வலது முட்டி வலி. உட்காரும் இடத்தைப் பற்றி எழுத வேண்டாம். ஆகவே இன்று ஓய்வு என்று முடிவு.

திட்டம் என்னவோ துணி துவைப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது, தூங்குவது. ஆனால் ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிட்டது. டீ குடிக்க என்று சைக்கிளை எடுத்தவன், லால்பேட்டை தாண்டி ஏரிக்கரைக்கே போய்விட்டேன். பனி. எதிர்க்கரை தெரியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி இது. அப்பனின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் தேய்ந்து வீராணம் ஆனது. நீளம் 16 கிலோமீட்டர் என்று படித்திருந்தேன். கரையில் நின்று பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரிகிறது.

மதகு ஓரம் ஒரு பெரியவர் சின்ன ஃபைபர் படகில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்ததில், "எதிர்வாய்க்கரைக்குத்தான் போறேன். சைக்கிளையும் ஏத்திக்க தம்பி. அந்தப் பக்கம் எறங்கி ஓட்டிக்கிட்டு வந்துரு" என்றார். முந்நூறு ரூபாய்.

எனக்கு நீச்சல் அரைகுறை. நிரம்பினால் 47.50 அடி என்று செய்தித்தாளில் படித்தது வேறு தலைக்குள் ஓடியது. பையில் இருந்த இரண்டு ஸ்பேர் ட்யூபையும் பம்ப் அடித்து உப்ப வைத்து, தோளுக்குக் குறுக்கே பூணூல் மாதிரி மாட்டிக்கொண்டேன். பெரியவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்குகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

முதல் தப்பு, சைக்கிளை அப்படியே வலை மேல் சாய்த்தது. என் பெடலில் ஷூ வழுக்காமலிருக்கச் சின்னச் சின்ன ஆணி உண்டு. ஒவ்வொரு ஆணியிலும் நாலு கண்ணி வலை மாட்டிக்கொண்டது. இழுத்தால் அறுந்துபோகும் என்று அவரே குனிந்து, பூ தொடுக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பத்து நிமிடம் ஆனது. அப்புறம் 15 நம்பர் ஸ்பேனரை எடுத்துப் பெடல் இரண்டையும் கழற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதை மறந்து இறுக்கிக்கொண்டே இருந்தது தனிக் கதை.

வாடைக்காற்று முதுகுப்பக்கம். அவர் கழியை ஊன்றித் தள்ளினார். நடு ஏரியில் கழியைக் கவனித்தேன்: ஆறேழு அடிக்கு மேல் இறங்கவே இல்லை. 47.50 அடி என்றார்களே என்று கேட்டேன். "அது கடல் மட்டத்துலேர்ந்து கணக்கு தம்பி. ஆழம்னு நெனச்சியா?" இந்த முறை அடக்காமல் சிரித்தார். 1,465 மில்லியன் கன அடி கொள்ளளவு என்றாலும் அகன்று படுத்துக் கிடக்கிற ஏரி, ஆழமானதில்லை. ட்யூபைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஊர் சென்னை என்றதும், "அப்ப இந்தத் தண்ணியத்தான் நீயும் குடிக்கிற" என்றார். வாஸ்தவம்தான். 2004 முதல் இந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி எங்கள் ஊருக்கு வருகிறது. மூழ்கி எழுந்த நீர்க்காகம் ஒன்று குச்சியில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்தது. முட்டி வலி மறந்தே போயிருந்தது.

பயப்பட வேண்டியது ஆழத்துக்கு இல்லை, சேற்றுக்கு. அரியலூர்ப் பக்கத்து மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக இந்தப் பக்கம்தான் ஏரிக்குள் இறங்குகிறது. கூடவே வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகிறது. கரைக்கு முப்பது அடி இருக்கும்போதே படகு தரை தட்டியது. சைக்கிளைத் தோளில் போட்டு இறங்கினேன். முழங்கால் வரை உள்ளே போனது. இரண்டாவது அடியில் செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது. மூன்றாவதில் நான் சாய, பின்சக்கரம், ஃப்ரீவீல், செயின் எல்லாம் களிமண் பூசிக்கொண்டன. பெரியவர்தான் வந்து முன்பக்கம் தூக்கினார். செருப்பைக் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்ததும் அவரே.

கரையேறிப் பெடலை மாட்டினால் மரைக்குள் மணல். கறகறவென்றது. வலுக்கட்டாயமாகத் திருகியிருந்தால் பெடலைத் தாங்கும் கிராங்க்கே போயிருக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே முதல் நாலு சுற்று ஏற்றினேன்.

தெற்கே சுற்றி 18 கிலோமீட்டர். லாட்ஜ் வர மணி பன்னிரண்டு. மதியம் முழுக்கப் பக்கெட்டும் மண்ணெண்ணெயுமாகச் செயினோடு உட்கார்ந்திருந்தேன். துணி துவைத்தேன், முன்பு இருந்ததைவிட அழுக்கான துணியை. தூக்கம் கிடைக்கவில்லை.

பணம் கொடுக்கும்போது பெரியவர் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ட்யூபைக் காட்டி, "அதுல ஒண்ணு குடு, பேரன் நீச்சல் பழகணும்" என்றார். கொடுத்துவிட்டேன். நாளை சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம். வழி நெடுக கருவேல முள் என்கிறார்கள். கையில் ஒரே ட்யூப்.